எலும்பை வீசாதீர்கள், உட்கார்ந்து கொடுங்கள்!

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் பொள்ளாச்சி வட்டாரக் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கறவை மாடு, செம்மறி ஆடு, கோழி பற்றியெல்லாம் இந்த நிகழ்ச்சியில் பலர் பேசிக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் தோட்டத்து நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் குறிப்பாக, வளர்கிற நாய்க்குட்டிக்குப் பச்சை எலும்பு கொடுப்பதைப் பற்றி. "நாய்க்கு எலும்பு போடறதுக்கும் ஒரு படிப்புங்களா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் ரேடியோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எலும்பு சிக்கிக்கொண்டது என்று நினைத்ததால் ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்த கதையைப் பேச்சின் கடைசியில் சொல்லப் போகிறேன்.

நம் பொள்ளாச்சிப் பக்கம் நாய் இல்லாத தோட்டத்துச் சாளை உண்டா? தென்னந்தோப்புக்கு நடுவிலே தனி வீடு. களத்தில் காயும் கொப்பரைக்கும், பட்டியில் அடைத்த ஆட்டுக்கும் இரவெல்லாம் காவல் நாய்தான். வியாழக்கிழமை சந்தையில் ஒரு மாடு பிடிக்க நாம் எத்தனை பாடுபடுகிறோம்! பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நாய்க்குட்டி வந்தால் மட்டும், "கெடச்சதைத் தின்னு வளரட்டும்" என்று விட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் இலையில் கிடக்கும் எலும்பை வாசலில் வீசுகிறோம். குட்டிக்கு நாம் வைக்கிற விருந்து அவ்வளவுதான்.

அந்த வீசுகிற பழக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஒரே சங்கதி: எலும்பை வீசக்கூடாது. கொடுப்பதாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குட்டி ஏன் கடிக்கிறது?

குட்டி பிறக்கும்போது பல் கிடையாது. 3 வாரத்திலிருந்து பால்பல் முளைக்க ஆரம்பிக்கும். மொத்தம் 28 பல். நாலு மாதம் ஆகும்போது அவை விழத் தொடங்கி, நிலைப்பல் முளைக்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். இந்தக் காலத்தில் ஈறு தினவெடுக்கும். செருப்பு, சொட்டுநீர்க் குழாய், கயிற்றுக் கட்டில் எதையும் விடாது. அடித்துப் பயனில்லை. கடிப்பதற்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும்.

அதற்கு எலும்புதான் வேணும் என்பதில்லை. கடிப்பதற்கென்று செய்த ரப்பர் பொம்மை போதும். பச்சை எலும்பே வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எலும்பு இல்லாமலே குட்டி நன்றாக வளரும். ஆனாலும் கறி எடுக்கிற வீட்டில் நாய்க்கு எலும்பு போடாமல் இருக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே, போடுவதானால் எப்படிப் போடுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம்

முதல் விதி இதுதான். குழம்பில் வெந்தது, பொரித்தது, சுட்டது, பிரியாணியில் கிடந்தது எதுவும் ஆகாது. "பச்சையாத் தின்னாத்தானே கெடுதல், வெந்தது நல்லதுதானுங்களே?" என்று கேட்பார்கள். எலும்பு விஷயத்தில் அது தலைகீழ்.

தென்னை மட்டையை நினைத்துப் பாருங்கள். பச்சை மட்டை வளையும், நார் நாராகக் கிழியும். காய்ந்த மட்டையை மிதித்தால் படீரென்று ஒடியும். ஒடிந்த நுனி காலில் குத்தும். எலும்பும் அப்படியே. பச்சை எலும்பில் ஈரமும், சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்து வைக்கும் நார்ச்சத்தும் இருக்கின்றன. தீயில் வெந்தால் ஈரம் போய்விடும், நார் கெட்டுவிடும். பிறகு கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். அந்தச் சிம்பு தொண்டையிலோ குடலிலோ குத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. கோழியின் வெந்த கால் எலும்பு இதில் மிக மோசம். குக்கரில் மசிய வெந்த எலும்பும் நல்லதல்ல. மாவாகிக் குடலில் கட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்து கிடக்கும் பழைய எலும்பும் இதே கணக்குத்தான்.

குழம்பு எலும்பில் இன்னொரு கெடுதல், வெங்காயமும் பூண்டும். இவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்கும்.

எந்த எலும்பு, எந்த வயதில்?

மூன்று மாதம் ஆகும்வரை எலும்பு வேண்டாம். பால்பல் ஊசிபோல் மெல்லியது. மூன்று மாதத்துக்குப் பிறகு வெள்ளாட்டின் நெஞ்செலும்பு, விலா நுனியில் இருக்கும் குருத்தெலும்பு, கழுத்துத் துண்டு இவற்றில் கொஞ்சம் கறி ஒட்டியிருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள். அன்று அறுத்த ஆடாக இருக்கட்டும். கறிக்கடையில் சாயங்காலம் வரை ஈ மொய்த்த மிச்சத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நல்லி எலும்பு நமக்கு ருசி. குட்டியின் பல்லுக்கு எதிரி. ஆட்டின் பாரத்தையெல்லாம் தாங்குகிற எலும்பு அது, கல் மாதிரி இருக்கும். மாட்டின் தொடை எலும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைக் கடித்துத்தான் மேல்வரிசைப் பெரிய கடைவாய்ப் பல் பிளந்துபோகிறது. ஒரு எளிய சோதனை சொல்கிறேன். எலும்பின் நுனியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சமாவது பதிந்தால் கொடுக்கலாம். கொஞ்சமும் பதியவில்லையா, விட்டுவிடுங்கள்.

அளவும் முக்கியம். எலும்பு குட்டியின் வாயை விடப் பெரிதாக இருக்க வேண்டும். சின்னத் துண்டு என்றால் கடிக்காது, அப்படியே விழுங்கிவிடும். கடைக்காரர் வளையம் வளையமாக வெட்டிய நல்லித் துண்டு இன்னொரு தொல்லை. அது கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டால் கழற்ற வராது.

நோயில் செத்த கோழி, செத்த ஆடு, வெளியே கிடக்கும் மாட்டுப் பிணம் இவற்றைக் குட்டிக்குக் காட்டவே கூடாது. அடைப்பான் போன்ற நோயில் திடீரென்று செத்த மாட்டை அறுக்கவும் கூடாது. கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி ஆழமாகப் புதைக்க வேண்டும்.

கொடுக்கும் முறை

முதலில் வழக்கமான சோறு வைத்துப் பாதி வயிறு நிறையட்டும். பசித்த குட்டி எலும்பைக் கடிக்காமல் விழுங்கப் பார்க்கும். பிறகு சாளைக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் எலும்பை வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளை அந்த வேலைக்கு விடாதீர்கள். இரண்டு நாய் இருந்தால் ஒன்றைக் கட்டிப்போடுங்கள். ஒரே எலும்புக்கு இரண்டு நாய் என்றால் சண்டை வரும், சண்டையில் அவசரம் வரும், அவசரத்தில் விழுங்கும். பதறாத காரியம் சிதறாது என்பது நாய்க்கும் பொருந்தும்.

பத்து நிமிஷம் போதும். பிறகு வாங்கிவிட வேண்டும். எப்படி வாங்குவது? பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த தடவை உறுமும், அதற்கடுத்த தடவை கடிக்கும். வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்றைக் காட்டுங்கள். எலும்பை விட்டுவிட்டு அதற்கு வரும். அப்போது எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். சில தடவை முட்டையைக் கொடுத்துவிட்டு எலும்பையும் திருப்பிக் கொடுங்கள். "இவங்க கிட்ட வந்தா நமக்கு நட்டமில்லை" என்று குட்டி கற்றுக்கொள்ளும். நாளைக்கு வீட்டுக் குழந்தை அதன் பக்கத்தில் போனாலும் பாய்கிற குணம் வராது. ஆனாலும் குழந்தைக்கும் சொல்லி வையுங்கள்: நாய் தின்னும்போது கிட்டே போகாதே.

மீந்த எலும்பை அன்றே புதைத்துவிடுங்கள். குட்டி ஒளித்து வைத்து மூன்றாம் நாள் தோண்டித் தின்ன விடக்கூடாது. பச்சைக் கறியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும். நாய் தாங்கிக்கொள்ளும், நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சாக்கையும் தட்டையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, நோயாளி, வயதானவர் இருக்கிற வீட்டில் பச்சை எலும்பே வேண்டாம் என்பது என் யோசனை.

வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அதற்கு மேல் கொடுத்தால் சாணம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக, இறுகிப் போகும். குட்டி முக்கும், வராது. அந்த அறிகுறி தெரிந்தால் எலும்பை நிறுத்திவிடுங்கள்.

எலும்பு தின்றால் எலும்பு வளருமா?

"எலும்பு போட்டாத்தானுங்க கால் உறுதியாகும்" என்று பலர் நம்புகிறார்கள். பத்து நிமிஷக் கடியில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து உள்ளே போகிறது என்று கணக்குச் சொல்ல முடியாது. அதை நம்பித் தீவனத்தில் குறை வைக்கக் கூடாது. வெறும் சோறும் மோரும் ஊற்றி வளர்த்த குட்டிக்குக் கால் வளைவதைப் பார்க்கிறோம். வெறும் கறி மட்டும் போட்டாலும் அதே கதிதான். கறியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையைச் சரிக்கட்டக் குட்டியின் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலிந்து, குதித்தாலே முறியும்.

அதற்காகக் கால்சியம் பொடியை அள்ளிக் கொட்டவும் கூடாது. பெரிய ஜாதிக் குட்டிக்குச் சுண்ணாம்பு மிகுந்தாலும் எலும்பும் மூட்டும் கோணும். ராகிக் களியோ சோறோ, அதோடு முட்டை, வேகவைத்த கறி, பருப்பு சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று, நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். கால்சியம் எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கடையில் விற்கும் குட்டித் தீவனம் மட்டுமே போடுகிறவர்கள் தனியாகக் கால்சியம் சேர்க்க வேண்டியதில்லை.

கிடாவெட்டும் நாய்க்குட்டியும்

கருப்பராயன் கோயிலில் கிடாவெட்டு நடக்கிறது. ஆட்டை உரித்து, ஈரலில் கட்டி இருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்த பை இருக்கிறது என்றால் என்ன செய்கிறோம்? "இது நமக்கு ஆகாது" என்று நாய்க்கு வீசுகிறோம். பெருமக்களே, அந்த நீர்க்கட்டிக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் புழு வளரும். அரை அங்குல நீளம்கூட இல்லாத சின்னப் புழு. அதன் முட்டைகள் நாயின் மலத்தில் வெளிப்பட்டு, புல்லிலும் ரோமத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு, நாயைத் தடவிய கையோடு குழந்தை சோறு தின்றால் குழந்தைக்கு. மனிதர் ஈரலிலும் அதே நீர்க்கட்டி வரும். வருஷக்கணக்கில் ஓசையில்லாமல் வளர்ந்து, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடும்.

இதை ஜெயித்த நாடுகள் உண்டு. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து, ஆடு மேய்க்கிற நாடு. அங்கே இந்த நோய் மிகவும் பரவியிருந்தது. ஹரால்டு கிராபே என்ற டென்மார்க்கு அறிஞர் 1863-ல் அங்கே போய் நாய்களை ஆராய்ந்தார். அதன்பின் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு மக்களுக்குக் கொடுத்தார்கள். அதன் சாரம் இரண்டே விஷயம்: கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, நாய்க்குப் பூச்சி மருந்து கொடு. அந்த நாட்டிலிருந்து நோய் ஒழிந்தே போயிற்று. நியூசிலாந்தும் நீண்ட காலம் பாடுபட்டு 2002-ல் இந்த நோய் நீங்கிய நிலையை எட்டியது.

நாமும் அதையே செய்வோம். பச்சை ஈரல், நுரையீரல், குடல் எதுவும் நாய்க்கு வேண்டாம். கட்டி இருந்தால் எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நல்ல ஈரலாக இருந்தாலும் முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் போடணும். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும், ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் குடற்புழு மருந்து. ஆட்டுப் பட்டியில் வளர்கிற நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் சேர்ந்த மருந்தாகக் கேளுங்கள்.

சிக்கியது எலும்புதானா?

கடைசியாக, நான் சொல்வதாகச் சொன்ன கதை. ஆனைமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆறு மாதக் குட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார். தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் இறங்கவில்லை.

"டாக்டருங்க, தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சுங்க. நானும் கையை உட்டுப் பார்த்துட்டனுங்க, ஒண்ணும் தட்டுப்படலைங்க."

"எலும்பு தின்னதை யாராச்சும் பார்த்தீங்களா?"

"பார்க்கலைங்க. பக்கத்துத் தோட்டத்துல விருந்துங்க. அங்க போய்த் தின்னிருக்குமுங்க."

"குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சுங்களா?"

அவர் பேசவில்லை. அவர் கையைப் பார்த்தேன். வேலி முள் கீறின புதுக் காயம் மூன்று இருந்தது.

வெறிநோய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். அதில் இன்னொரு வகை உண்டு. நாய் ஊமைபோல் ஒடுங்கிவிடும். தாடை நரம்பு செத்து வாய் திறந்தே கிடக்கும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது மாதிரியே தெரியும். குட்டியைத் தனியே அடைத்தோம். மூன்றாம் நாள் செத்தது. மூளையைச் சோதித்ததில் வெறிநோய் உறுதியாயிற்று. எச்சில் பட்டிருக்கக்கூடிய ஐந்து பேரும் அதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் ஊசியை ஆரம்பித்திருந்தார்கள். காயமிருந்த அவருக்கு இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். நோய்க்குறி தோன்றிவிட்டால் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அதற்கு முன் எடுத்தால்தான் உயிர்.

1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்படும் முன்பு, நாய் கடித்த நம் பக்கத்து மனிதர் வடக்கே கசௌலி மலைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ஊசி கிடைக்கிறது. கடித்தாலும், கீறலில் எச்சில் பட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே போங்கள். எல்லாத் தவணையையும் முடியுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு தடவாதீர்கள்.

இப்போது யோசியுங்கள். அவர் எலும்பைப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கிறவராக இருந்தால், "நான் எலும்பே கொடுக்கலை, இது வேற" என்று அவருக்கே தெரிந்திருக்கும். உட்கார்ந்து கொடுப்பதன் பெரிய லாபம் அதுதான். ஆகவே, எலும்பு தின்றதை நீங்கள் கண்ணால் பார்க்காதபோது குட்டியின் வாய் தொங்கினால், வாயில் கை விடாதீர்கள். கட்டியோ அடைத்தோ வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கண் முன்னாலேயே எலும்பு மாட்டி மூச்சுத் திணறினால், பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தோள்களுக்கு நடுவில் உள்ளங்கையால் அழுத்தித் தட்டுங்கள். வெளியே விழுந்தாலும் விழாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சோற்று உருண்டை, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். ஆசனவாயில் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், உள்ளே கிழித்துவிடும். திரும்பத் திரும்ப வாந்தி, வயிறு உப்பல், சாணத்தில் ரத்தம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதத்தில் குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருஷம் ஒரு ஊசி. எலும்பு வாங்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

இரவெல்லாம் கண் விழித்து நம் தோப்பைக் காக்கப் போகிற ஜீவன் அது. அதற்காக வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருவது ஒன்றும் பெரிய வேலையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள்.